அழைக்காமல் விட்ட சாட்சி

ஒற்றை மாவின் நிழலில் மண்ணே மேனியாக அமர்ந்தவனே, ஆற்று வெள்ளம் ஏறி வந்தபோது அம்மை நெஞ்சோடு தழுவிக் காத்த பெருமானே, நா சொல்லத் தொடங்கும் முன்பே உள்ளிருப்பதை அறிபவனே, உன்னை வணங்கித் தொடங்குகிறேன். நான் எழுதப்போவது உன் புகழ் அன்று; என் பிழை. எழுதும் கை அதை அழகுபடுத்திவிடாமல் காத்தருள்.

இன்று கார்த்திகைத் திங்களின் சோமவாரம். வளர்பிறைத் திரயோதசி, அசுவினி நட்சத்திரம், மாலையில் பிரதோஷம். நற்செயல் தொடங்க உகந்த நாள் என்கிறது பஞ்சாங்கம். ஒரு மனிதன் தன் குற்றத்தைச் சொல்வதை நற்செயலில் சேர்க்கலாமா என்று பஞ்சாங்கத்தில் இல்லை. நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் காஞ்சிபுரத்தில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். நீதிமன்றத்தில் எழுந்து பேசுபவர் வக்கீல். அவர் எழுந்து நிற்கும்போது கையில் என்ன இருக்க வேண்டும், எந்தத் தாளுக்குப் பின் எந்தத் தாள் வர வேண்டும், கூண்டில் ஏறுபவர் எதைப் பார்த்தவர், எதைக் கேள்விப்பட்டவர் என்பதையெல்லாம் அதற்கு முன்பே முடித்து வைப்பது குமாஸ்தாவின் வேலை. அசல் பத்திரங்களை வாங்கி, நகல் எடுத்து, இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். நிகழ்ந்தவற்றை நாள் வரிசையில் ஒரு தாளில் எழுத வேண்டும். ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல் தட்டச்சாக வேண்டும். இவை எல்லாவற்றிலும் கடினமானது சாட்சிகளை உட்காரவைத்துக் கேட்பது. அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது குற்றம். அவர்கள் பார்த்ததை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, நாம் காது கொடுத்துக் குறித்துக்கொள்வது கடமை. மூத்த வக்கீல் எனக்குக் கற்பித்த முதல் பாடம் அதுவே. அவர் சிவபதம் அடைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது அவர் மகள் அதே அறையில் அமர்ந்து வக்கீலாக இருக்கிறார். தந்தை காலத்து மனிதன் என்று என்னை மதிப்பவர். நான் தயாரித்துக் கொடுக்கும் வழக்குக் கட்டைப் பிரித்து மறுபடி சரிபார்க்க மாட்டார். இந்த நம்பிக்கையை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு.

சாட்சிகளைக் கேட்பதோடு நான் நிறுத்திக்கொள்ளவில்லை. என் பணியின் தொடக்க ஆண்டுகளில் ஒருவர் என்னிடம் ஒன்று சொல்லிவிட்டுக் கூண்டில் வேறொன்று சொன்னார். அந்த அவமானத்துக்குப் பின் நானாகவே ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். எங்கள் அலுவலகத் தெருமுனையில் ஒரு சிறிய பிள்ளையார் கோயில் உண்டு. விசாரணைக்கு முன் ஒவ்வொரு சாட்சியையும் காலையில் அங்கே அழைத்துச் சென்று, சன்னதியில் கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்து, "உண்மையைச் சொல்வேன்" என்று சத்தியம் செய்யச் சொல்வேன். மூத்த வக்கீலுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் தடுத்திருப்பார். மற்றக் குமாஸ்தாக்களுக்குத் தெரியும். நீதிமன்ற வாசலில் டீ குடிக்கும்போது கேலி செய்வார்கள்.

"உங்க ஆபீஸ் கேஸுக்கு எல்லாம் பிள்ளையார்தான் ஜட்ஜ். அப்புறம் இங்க எதுக்கு வந்து வெயில்ல நிக்கறீங்க?"

"பிள்ளையார் தீர்ப்பு சொல்லிடுவார்பா. நகல் தரமாட்டார். அதுக்குத்தான் இங்க வர்றார்."

நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். விடியற்காலையில் நீராடி, நீறு பூசி, பதிகங்கள் ஓதிவிட்டு வேலைக்கு வருபவன் நான். நெஞ்சுக்குள் இருப்பதை இறைவன் அறிவான் என்று நாள்தோறும் பாடிவிட்டு, பிறர் நெஞ்சில் இருப்பதைக் கற்பூரத்தை வைத்து நானே அறிந்துவிடலாம் என்று எண்ணியிருந்தேன். இவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாதவை என்று இத்தனை ஆண்டுகளில் ஒருநாளும் தோன்றியதில்லை.

பிள்ளையார்பாளையத்தில் இருந்து ஓர் அம்மையார் வந்தார். அறுபதை நெருங்கும் வயது. இளம் வயதில் கணவரை இழந்து, மனைவியை இழந்த அண்ணன் வீட்டுக்கு வந்து, முப்பது ஆண்டுகளாக அங்கேயே அண்ணனுக்குச் சமைத்துப் போட்டு, அவரோடு சேர்ந்து பட்டு நெய்தவர். வீட்டில் இரண்டு தறிகள். அண்ணனுக்கு ஒரே மகன். சென்னையில் வேலை, அங்கேயே குடும்பம். அண்ணன் இறப்பதற்கு ஓராண்டுக்கு முன், வீடு தன் தங்கைக்கே என்று உயில் எழுதிவைத்தார். பதிவு செய்யாத உயில். அவர் இறந்த மூன்றாம் மாதம் மகன் வழக்குத் தொடுத்தான்: உயில் பொய், வீடு என்னுடையது, அத்தையை வெளியேற்றித் தர வேண்டும்.

உயில் நின்றால் வீடு அந்த அம்மையாருக்கு. நிற்காவிட்டால் மகனுக்கு. இடைப்பட்ட வழி எதுவும் இல்லை. வேறு நிலமோ வீடோ அவருக்குக் கிடையாது.

உயிலில் சாட்சிக் கையொப்பம் போட்டவர்கள் இருவர். ஒருவர் வாலாஜாபாத் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்து, காஞ்சியில் வீட்டு மனை தரகராகவும் ஒரு கட்சியின் வட்டச் செயலாளராகவும் இருப்பவர். மற்றவர் அதே தெருவில் பாவு பிணைப்பவர்; தறியில் பழைய பாவு முடியும்போது புதிய பாவின் இழைகளை, ஆயிரக்கணக்கில், ஒவ்வொன்றாக விரலால் முறுக்கிச் சேர்ப்பது அவர் தொழில்.

உயிலை மெய்ப்பிக்கச் சட்டம் கேட்பது அதிகமில்லை. எழுதியவர் கையொப்பமிட்டதைச் சாட்சி கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அல்லது, "இது நான் போட்ட கையெழுத்து" என்று அவரே சாட்சியிடம் சொல்லியிருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும். இரு சாட்சிகளுக்கும் இது நடந்திருக்க வேண்டும்; ஆனால் நீதிமன்றத்துக்கு ஒருவர் வந்து சொன்னாலும் போதும். இந்தக் கேள்வியை எத்தனையோ உயில் வழக்குகளில் எத்தனையோ சாட்சிகளிடம் கேட்டவன் நான்.

தரகரைத்தான் முதலில் அழைத்தேன். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் தலைவர் படம், கையில் இரண்டு கைப்பேசி. பிள்ளையார் முன் நிறுத்திக் கற்பூரத்தை எடுத்ததும் சிரித்தார்.

"இன்னா சாமி, இத்துனூண்டு வில்லையா? ஒரு கட்டியா ஏத்துங்க. நம்ம சத்தியத்துக்கு இது பத்தாது."

"உயில் உண்மையானதுதானே?"

"உண்மைதான் சாமி. பெரியவர் எழுதினதுதான். என் புள்ளைங்க மேல ஆணை."

படாரென்று அடித்து அணைத்தார். கரி படிந்த உள்ளங்கையை எனக்கு விரித்துக் காட்டினார். என் மனம் நிறைந்துவிட்டது. அவரை உட்காரவைத்து அன்று காலை என்ன நடந்தது, நீங்கள் எங்கே நின்றீர்கள், பெரியவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்க வேண்டிய எல்லாவற்றுக்கும் அந்தக் கரி பதில் சொல்லிவிட்டதாக எண்ணினேன். பழைய வழக்கு ஒன்றின் பிரமாண வாக்குமூலத்தைக் கணினியில் எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றி, "உயில் எழுதியவர் கையொப்பமிட்டதை நான் நேரில் பார்த்தேன்" என்ற வழக்கமான வரியோடு தட்டச்சு செய்தேன். அவர் படிக்காமலே கையொப்பமிட்டார். அவசரமாக ஒரு மனை காட்டப் போக வேண்டியிருந்ததாம்.

மறுநாள் பாவு பிணைப்பவர் வந்தார். மெலிந்த உடல், என் வயது இருக்கும். கோயில் வாசலிலேயே நின்று பேசத் தொடங்கிவிட்டார்.

"நான் அன்னைக்கு அவங்க வூட்லதாங்க பாவு பிணைச்சிக்கினு இருந்தேன். பெரியவர் பேனா எழுதல. உதறி உதறிப் பார்த்துட்டு என் பாக்கெட்ல இருந்த பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு எதிர்லதான் போட்டார். புரோக்கர் வாசல்ல நின்னு போன் பேசிக்கினு இருந்தார். பெரியவர்தான் கூப்பிட்டு, 'நான் போட்டுட்டேம்பா, இதோ என் கையெழுத்து, நீ கீழ போடு'ன்னார். அவர் போட்டார். அப்புறம் நான் போட்டேன்."

சட்டம் கேட்கும் அனைத்தும் அதில் இருந்தன. யாரும் கேட்காமலே, ஓர் இழை விடாமல் சொல்லிவிட்டார். நானோ கற்பூரத்தைத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"உள்ள வாங்க. இதை ஏத்தி அணைச்சுட்டு இதையே சொல்லுங்க."

அவர் முகம் மாறியது. "அது மட்டும் வேணாங்க."

"ஏன்? உண்மையைத்தானே சொல்றீங்க?"

"உண்மைதாங்க. கோர்ட்டுல எங்க நிக்கச் சொன்னாலும் நின்னு சொல்றேன். இது வேணாம்."

"உண்மை சொல்றவங்களுக்கு என்ன பயம்?"

"பயம்னே வெச்சுக்கோங்க."

வேறு எதுவும் சொல்லாமல் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். இறைவன் முன் நிற்க மறுத்தவன் என்று நான் அவர்மீது சினம் கொண்டேன். எனக்காகச் சினந்தேனா இறைவனுக்காகச் சினந்தேனா என்று இன்று கேட்டுப் பார்க்கிறேன். விடை எனக்குப் பெருமை தருவதாக இல்லை. வழக்குக் கட்டின் முதல் தாளில், அவர் பெயருக்கு எதிரில், "நம்பத்தகுந்தவர் அல்லர். அழைக்க வேண்டாம்" என்று எழுதினேன். வக்கீல் அம்மா காரணம் கேட்கவில்லை. என் எழுத்தே அவருக்குக் காரணம்.

அந்த அம்மையார் மட்டும் ஒருமுறை கேட்டார்.

"அய்யா, பாவு பிணைக்கிறவரையும் கூப்டலாமே? கேட்டுக்கினே இருக்கார், எனக்குக் கோர்ட்டுலருந்து தாக்கல் வந்துதா வந்துதான்னு."

"சட்டப்படி ஒருத்தர் போதும்மா."

நான் சொன்னது சட்டப்படி சரி. அதனால்தான் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை என்கிறேன்.

தரகரின் விசாரணை நாள் வந்தது. வக்கீல் அம்மாவுக்குப் பின்னால், கட்டைக் கையில் பிடித்தபடி நான் நின்றேன். எதிர்த் தரப்பு வக்கீல் அனுபவம் மிக்கவர். குரலே உயர்த்தாமல், உறவினரை நலம் விசாரிப்பதுபோல் தொடங்கினார். வீட்டின் வாசல் எந்தத் திசை, அன்று வெயிலா, பெரியவர் எங்கே உட்கார்ந்திருந்தார் என்று கேட்டுக்கொண்டே போனார். தரகர் உற்சாகமாகப் பதில் சொன்னார்.

"அந்த நேரத்துல நீங்க எங்க இருந்தீங்க?"

"வாசல்லதாங்க. கட்சி ஆபீஸ்லருந்து போன். பேசிக்கினு இருந்தேன்."

"வாசலில் இருந்து பார்த்தால் உள்ளே தறி தெரியும். பெரியவர் தெரிவாரா?"

"தூண் மறைக்குமே."

"அப்படியானால் அவர் கையொப்பமிட்டதை நீங்கள் பார்க்கவில்லை."

தரகர் அப்போதுதான் விழித்துக்கொண்டார். நெற்றியைத் துடைத்தார். வக்கீல் அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பார்க்கலீங்க," என்றார். "ஆனா உயில் உண்மைதாங்க. கற்பூரம் அடிச்சுச் சொல்லியிருக்கேன்."

மன்றத்தில் சிரிப்பு எழுந்தது. எதிர்த் தரப்பு வக்கீல், "கேள்வி முடிந்தது," என்று உட்கார்ந்தார்.

அந்தக் கணத்தில் எனக்குப் பாவு பிணைப்பவரின் சொற்கள் முழுவதுமாக நினைவுக்கு வந்தன. *நான் போட்டுட்டேம்பா, இதோ என் கையெழுத்து.* குறுக்கு விசாரணைக்குப் பின் எங்கள் வக்கீலே தரகரை மீண்டும் கேட்கும் மறுவிசாரணையில் ஒரே ஒரு கேள்வி போதும்: நீங்கள் கையொப்பமிடும் முன் பெரியவர் உங்களிடம் என்ன சொன்னார்? கேட்டிருந்தால் தரகர் சொல்லியிருப்பார். அவர் பொய்யர் அல்லர், கேட்டதற்குப் பதில் சொல்பவர். கட்டின் ஓரத்தில் இருந்து ஒரு துண்டுத் தாளைக் கிழித்து அந்தக் கேள்வியை எழுதினேன். எழுதி முடித்தேன் என்பதைப் படிப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

நீதிபதி கேட்டார்: "மறுவிசாரணை?"

வக்கீல் அம்மா திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

சீட்டை நீட்டினால், இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் பிறகு கேட்பார். பாவு பிணைப்பவர் சொன்னார் என்று நான் சொல்ல வேண்டும். இவ்வளவு தெளிவாகச் சொன்னவரையா நம்பத்தகுந்தவர் அல்லர் என்று எழுதினீர்கள் என்பார். நாற்பது ஆண்டுப் பெயர். அடுத்த வாய்தாவில் பாவு பிணைப்பவரையே அழைத்துவிடலாம், எல்லாம் சரியாகிவிடும், யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம் என்று என் மனம் எனக்கு ஒரு வழி காட்டியது. மூச்சு ஒன்று இழுத்து விடும் நேரம்தான். சீட்டை மடித்துக் கட்டுக்குள் செருகி, தலையை இல்லை என்று அசைத்தேன்.

"மறுவிசாரணை இல்லை, கனம் நீதிபதி அவர்களே," என்றார் வக்கீல் அம்மா.

வெளித் தாழ்வாரத்துக்கு வந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"ஐயா, உயில்ல கையெழுத்துப் போட்ட இன்னொரு சாட்சி இருக்காரே. என்ன குறை இருந்தாலும் பரவாயில்ல. அவரை நாளைக்கே ஆபீஸுக்கு வரச் சொல்லுங்க."

"சொல்லிடறேன்மா."

பக்கத்தில் நின்றிருந்த அம்மையார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரும்மா, பாவு பிணைக்கிறவரா? அவர் தவறிப்போய்ப் பதினெட்டு நாள் ஆவுதே. உங்களுக்குத் தெரியாதா?"

வக்கீல் அம்மா தூணில் சாய்ந்துகொண்டார். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தரகர் அப்போதும் மன்ற வளாகத்தில்தான் இருந்தார். டீக்கடையில் யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அப்போதே நான் வாய் திறந்திருந்தால், அன்றே மனு எழுதி அவரை மீண்டும் கூண்டில் ஏற்ற அனுமதி கேட்டிருக்கலாம். ஒரு பிழை செய்தவனுக்கு அதைத் திருத்த இறைவன் எத்தனை வாசல்களைத் திறந்துவைத்தான் என்று எண்ணிப் பார்க்கிறேன். ஒவ்வொன்றையும் நானே சாத்தினேன்.

அன்று மாலை பாவு பிணைப்பவரின் வீட்டுக்குப் போனேன். துக்கம் கேட்கப் போகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ராட்டையில் பட்டு சுற்றிக்கொண்டிருந்த அவர் மகள், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், சுவரைப் பிடித்து எழுந்து வந்தார். ஒரு கால் மெலிந்து வளைந்திருந்தது. நான் யார் என்று சொன்னேன்.

"நீங்கதானா அந்தக் கற்பூரக் குமாஸ்தா?"

அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"எனக்கு மூணு வயசாம் அப்போ. தெருவுல யாரோ பட்டுக் காணோம்னு அப்பா மேல சொல்லிட்டாங்க. கோயில்ல வெச்சு, நான் எடுக்கலன்னு கற்பூரம் அடிச்சார். பத்தாவது நாள் எனக்கு ஜுரம். கால் போச்சு. பொய்ச் சத்தியம் பண்ணான், பொண்ணு கால் போச்சுன்னு ஊரே பேசிச்சு. அப்புறம் எடுத்தவன் வேற ஒருத்தன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சு இன்னா? அதுலருந்து அப்பா கற்பூரத்தைத் தொட்டதில்ல. வூட்ல கூட அகல் மட்டுந்தான்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே அம்மா."

"முன்னபின்ன தெரியாதவர்கிட்ட என் காலைப் பத்தியா சொல்லுவார்?"

ராட்டையில் அறுந்திருந்த இழையை முடிந்தார். பிறகு சொன்னார்: "கோர்ட்டுக்குப் போறதுக்குன்னு ஒரு வேட்டி தனியாத் தொவைச்சு மடிச்சு வெச்சிருந்தார். அழுக்கு வேட்டியோட போனா அத்தை கேஸுக்குக் கெட்ட பேருன்னு. யாரும் கூப்பிடல. அதையே கட்டித்தான் அனுப்பினோம்."

வீடு திரும்பி அன்று நான் பதிகம் ஓதவில்லை. சொற்கள் எல்லாம் நினைவில் இருந்தன. நாவில் ஏற்ற உரிமை இல்லை என்று தோன்றியது. அவர் சொன்னதை நான் காதால் கேட்டேன் என்று கூண்டில் ஏறவும் எனக்கு வழியில்லை. இறந்தவர் சொன்னதாக இன்னொருவர் சொல்வதைச் சட்டம் ஏற்காது. அவர் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். அந்த வாயை அடைத்தவன் நான்.

ஆறு மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. உயில் உண்மையாக இருக்கலாம். ஆனால் சட்டம் கேட்கும் முறையில் மெய்ப்பிக்கப்படவில்லை. அம்மையார் இரண்டு மாதத்துக்குள் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். அந்த ஆறு மாதமும் நான் நாள்தோறும் அலுவலகம் வந்தேன், வேறு கட்டுகளைத் தயாரித்தேன், சீட்டு இருந்த கட்டை அலமாரியின் அடித்தட்டுக்கு மாற்றினேன். தீர்ப்பின் மறுநாள் அம்மையார் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, "உங்களால ஆனதைச் செஞ்சீங்க அய்யா," என்று எனக்கு நன்றி சொன்னார். சொல்லாமல் இருப்பதற்கு அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவர் அமர்ந்திருக்கும்போதே வக்கீல் அம்மாவை அழைத்து, அலமாரியில் இருந்து கட்டை எடுத்து, சீட்டை மேசைமேல் வைத்து, தொடக்கம் முதல் சொன்னேன்.

வக்கீல் அம்மா சீட்டைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"அப்பா இருந்திருந்தா உங்களைத் திட்டியிருப்பார். எனக்கு உங்களைத் திட்டத் தெரியல ஐயா."

அம்மையாருக்குத் திட்டத் தெரிந்திருந்தது.

"அவர் கற்பூரம் தொடமாட்டார்னு எங்க தெருவுக்கே தெரியுமே. சின்னப் பசங்களைக் கேட்டாலும் சொல்லும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேஸு யாருது, உங்களுதா என்னுதா?"

"தப்புதாம்மா."

"இதைச் சாமிகிட்ட சொன்னீங்களா?"

"தினமும் சொல்றேன்."

"அவர்கிட்ட ஆறு மாசமா சொல்லிக்கினு இருக்கீங்க. அவர் வூடு எங்கேயும் போவல. என் வூடு போச்சு. என்கிட்டல்ல மொதல்ல சொல்லியிருக்கணும்?"

வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. அதை அங்கே வைத்துவிட்டுப் போனது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது.

வக்கீல் அம்மா மேல்முறையீடு தயாரித்தார். தரகரை மீண்டும் விசாரிக்க அனுமதி கோரும் மனுவும் அதனோடு. அந்த மனுவுக்கு ஆதாரமாக ஒரு பிரமாணப் பத்திரம் வேண்டும்: முதல் விசாரணையில் அந்தக் கேள்வி ஏன் விடுபட்டது என்று காரணம் அறிந்த ஒருவர் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். அந்த ஒருவன் நான். "நீங்களே எழுதுங்க ஐயா. உங்க அலங்காரத் தமிழ்ல வேணாம்; நடந்தது நடந்தபடி எழுதுங்க," என்றார். பிறர் வாக்குமூலங்களை ஆயிரக்கணக்கில் தயாரித்தவன், என்னுடையதை எழுத நான்கு நாள் எடுத்துக்கொண்டேன். முதல் வரைவில், "சூழ்நிலை காரணமாகக் கேட்கத் தவறிவிட்டது" என்று எழுதியிருந்தேன். அவர் அந்த வரியின் கீழ் ஒரு கோடு மட்டும் இழுத்துத் திருப்பிக் கொடுத்தார். "எனக்குத் தெரிந்தே, என் பெயரைக் காப்பாற்றிக்கொள்வதற்காக, நான் சொல்லாமல் விட்டேன்" என்று மாற்றினேன். அது பொது ஆவணம். இன்று நீதிமன்றத்தில் யார் வேண்டுமானாலும் நகல் வாங்கிப் படிக்கலாம். குமாஸ்தாக்கள் படித்துவிட்டார்கள். டீக்கடையில் இப்போது யாரும் என்னைக் கேலி செய்வதில்லை. அந்தக் கேலி இல்லாதது எவ்வளவு கனக்கும் என்று முன்பு தெரியாது.

தீர்ப்பை நிறுத்திவைக்கக் கேட்டோம், கிடைக்கவில்லை. இரண்டு மாதம் முடிந்ததும் அம்மையார் வீட்டைக் காலி செய்தார். தறிகளைப் பிரித்து எடுத்துச் செல்ல இடமில்லை. ஒன்றை அண்ணன் மகனுக்கே விட்டுவிட்டார். அவன் அதை என்ன செய்தான் என்று அவர் கேட்கவில்லை. மற்றொன்றின் மரங்கள் பாவு பிணைப்பவரின் மகள் வீட்டுச் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. இப்போது சின்ன காஞ்சிபுரத்தில் வேறொருவர் வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்கிறார். காலையில் பேருந்தில் போய் மாலையில் வருகிறார்.

மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது. வாய்தா நாட்களில் அவர் வருவார். தாழ்வாரத்தில் நான் வணங்கினால் தலையசைப்பார். சென்ற வாய்தாவில் முதன்முறையாக அவராக என்னிடம் பேசினார். "அந்தத் தரகர்கிட்ட இந்தத் தடவையாவது நிதானமா உக்காந்து கேளுங்க. நானும் பக்கத்துல இருக்கறேன்," என்றார். நாளை காலை பத்து மணிக்குத் தரகர் அலுவலகத்துக்கு வருகிறார். அம்மையாரும் வருகிறார். மேசையைத் துடைத்து, ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் எடுத்து வைத்திருக்கிறேன். அம்மையாரின் நாற்காலியை என் நாற்காலிக்கு முன்னால் போட்டிருக்கிறேன். முதல் கேள்வியை அவரே கேட்கட்டும்.

இதைப் படிக்கும் எல்லோருக்கும் அம்மையப்பன் அருள் கிட்டுக. நீங்கள் பிறந்த வீட்டிலோ புகுந்த வீட்டிலோ உழைத்த வீட்டிலோ யாரும் எழுப்பிவிடாமல் நிம்மதியாக உறங்குக. உங்களுக்காகப் பேசத் துணிந்தவரின் சொல்லை முழுவதும் கேட்கும் செவி உங்களுக்கு வாய்க்க. யாருக்குத் தீங்கு செய்தீர்களோ அவரிடமே முதலில் போய்ச் சொல்லும் வலிமை, எனக்கு வாய்த்ததைவிட விரைவாக, உங்களுக்கு வாய்க்க. நலம் சூழ்க.